நார்ட்டன் பைக்கும் நிஷாந்தும் எங்க வீட்டு பரணும்

போகிக்கு ஊருக்குப் போயிருந்தேன் மக்களே. கே.கே. நகர் வீட்டுல பரணை சுத்தம் பண்ற வேலை வழக்கம் போல என் தலையில. ஒரு ஹார்லிக்ஸ் அட்டைப்பெட்டியை இறக்கினா உள்ள என்னோட ஃபைனல் இயர் புராஜெக்ட்! அலுமினியத்துல செஞ்ச குட்டி வேன்கல் எஞ்சின். அம்மா "பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுடா, அரை கிலோ தேறும்"னாங்க. ஈஸி சேர்ல இருந்த அப்பா மட்டும் பேப்பரை மடிச்சு வச்சுட்டு "அதை இங்க கொண்டா"ன்னார்.

வேன்கல்னா என்னன்னு ஒரு சின்ன மொக்கை, பொறுத்துக்கோங்க. இதுல பிஸ்டன் மேலயும் கீழயும் போகாது. எட்டு வடிவத்தை இடுப்புல லேசா அமுக்கின மாதிரி ஒரு கூடு, அதுக்குள்ள வயிறு உப்பின முக்கோணம் ஒண்ணு உருளும். முக்கோணம் ஒரு சுத்து முடிக்கறதுக்குள்ள ஷாஃப்ட் மூணு சுத்து சுத்திடும். வால்வு கிடையாது, அதிர்வும் ரொம்ப கம்மி.

இங்கிலாந்துல நார்ட்டன் கம்பெனி இதை பைக்குல வச்சுது. டேவிட் கார்சைட்ங்கற எஞ்சினியர் பிஎஸ்ஏ காலத்துலேயே ஆரம்பிச்ச வேலை. ஒரு ரோட்டருக்கு 294 சிசி, ரெண்டு சேர்ந்து 588. போலீசுக்கு வண்டி செஞ்சாங்க. 1992-ல ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி ரேஸ்ல ஸ்டீவ் ஹிஸ்லாப் நார்ட்டன் ரோட்டரியில ஜெயிச்சார். ஆனா ரோட்டுல பெட்ரோல் குடிக்கும், சூடும் ஜாஸ்தி. வியாபாரம் படுத்துடுச்சு.

பைக்குல தோத்தது வானத்துல பொழைச்சுக்கிச்சு. ஆளில்லா விமானத்துக்கு வேண்டியது குறைஞ்ச எடை, கேமரா ஆடாத அளவுக்கு குறைஞ்ச அதிர்வு. ஒரே வேகத்துல மணிக்கணக்கா ஓடினா போதும், டிராஃபிக்ல நின்னு நின்னு போக வேண்டாம். அதே ஒத்த ரோட்டர் 294 சிசி, ஏஆர்-801ங்கற பேர்ல நம்ம டிஆர்டிஓவோட நிஷாந்துக்கு இறக்குமதியாச்சு. அப்புறம் பெங்களூர் என்ஏஎல், அகமத்நகர் விஆர்டிஇ, ஏடிஇ மூணும் சேர்ந்து 55 குதிரைசக்தியில, சுமார் 30 கிலோவுல சொந்தமா ஒண்ணு செஞ்சாங்க. 2009-ல கோலார்ல நிஷாந்த் அந்த எஞ்சின்ல 40 நிமிஷம் பறந்துச்சு. (நிஷாந்தோட கதை சோகம். ராணுவம் வாங்கின நாலும் விழுந்து, 2015-ல மேற்கொண்டு வேண்டாம்னுட்டாங்க.)

அதுல என்ஏஎல் கைவச்ச இடம் கூட்டோட உள்சுவர். நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த பூச்சு. ஏன் அங்கன்னா, முக்கோணத்தோட மூணு முனையிலயும் இருக்கற சீல் அந்த சுவரை உரசிக்கிட்டே ஓடணும். வேன்கலோட உயிரே அங்கதான். மாஸ்டாக்காரங்க 60கள்ல சுவர்ல விழுந்த கீறலைப் பார்த்து பிசாசு நகம்னு பேர் வச்சாங்களாம். யமமோட்டோ தலைமையில 47 பேர் அதோட மல்லுக்கட்டினாங்க.

எங்க டீம்ல மூணு பேர். அதுல ரெண்டு பேர் பிரிண்ட் அவுட் டிபார்ட்மென்ட் :-)

நாலாவது ஆள் அப்பா. அரியமங்கலம் சிட்கோவுல முப்பது வருஷம் லேத் ஓட்டினவர். கூட்டை என் டிராயிங்படி ஒயர்கட்ல வெட்டிட்டு வந்தேன். ரோட்டரும் பித்தளை சீலும் அப்பா கைவேலை. மாட்டி சுத்தினா நாலு இடத்துல பிடிச்சுது. "சீலை ராவுங்கப்பா"ன்னேன். ராவினார். சுத்துச்சு, ஆனா காத்து நிக்கவே இல்ல. வைவாவுல எக்ஸ்டெர்னல் கேட்டப்போ "மெஷினிங் சரியில்ல சார்"னு சொன்னேன். அதே கடுப்புல வீட்டுக்கு வந்து அப்பாகிட்டயும் சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல, சட்டையை மாட்டிக்கிட்டு செகண்ட் ஷிஃப்டுக்குப் போயிட்டார். நான் கேம்பஸ்ல சாஃப்ட்வேருக்குப் போயிட்டேன்.

இந்த தடவை பழைய மெயில்ல இருந்து அந்த டிராயிங்கைத் திறந்து பார்த்தேன். சீல் முனை ஒன்றரை மில்லிமீட்டர் ஆரத்துல உருண்டையா இருக்கு. முனையோட மையம் போற பாதையில இருந்து அந்த ஆரம் அளவுக்கு சுவரை வெளிய தள்ளி வரையணும். நான் முனையைக் கூர்மையான புள்ளின்னு நெனச்சு ஃபார்முலாவை அப்படியே போட்டிருக்கேன். சீல் சாயற நாலு இடத்துலயும் 0.15 மில்லிமீட்டர் இடிக்கும். அதுக்காக ராவினா மத்த இடத்துல இடைவெளி விழும். டிராயிங்ல பக்! எட்டு வருஷமா யாரும் ரிப்போர்ட் பண்ணாத பக்.

லேப்டாப்பை அப்பாகிட்ட காட்டி "தப்பு என்னுதுப்பா"ன்னேன். கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு பார்த்தார்.

"நாலு எடத்துலயும் ஒரே அளவா புடிச்சா அது கை தப்பு இல்லடா. எனக்கு அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏம்ப்பா சொல்லல?"

"மறுநாள் உனக்கு இன்டர்வியூ."

தலைக்கு மேல ஏர்போர்ட்டுக்கு இறங்கற விமானம் ஒண்ணு போச்சு. எங்க ஏரியாவுல அது போற வரைக்கும் பேச்சை நிறுத்திட்டு காத்திருக்கறது வழக்கம். காத்திருந்தோம். அப்புறம் 2020-ல நார்ட்டனை நம்ம டிவிஎஸ் மோட்டார் வாங்கின கதையை சொன்னேன். "ஓசூர்க்காரனா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். அவர் கவனம் அதுல இல்ல, ரோட்டரை விரல்ல உருட்டிக்கிட்டே இருந்தார்.

"டிராயிங்கை மாத்து. கூடு மட்டும் புதுசா வெட்டினா போதும். சீலுக்கு அடியில இந்த தடவை ஸ்ப்ரிங்கு வச்சுடுவோம். ஒயர்கட்காரன்தான் இப்ப ரேட்டை ஏத்திட்டானாம்."

பெங்களூர் பஸ் ஏறறதுக்குள்ள மாத்தி, ஃபைலை அவர் வாட்ஸப்புக்கு அனுப்பிட்டேன்.