வாய்

சியோலில் மாப்போ பகுதியின் சந்தொன்றில் அந்தக் கடை. பீப்பாய் மாதிரித் தகர மேஜைகள், நடுவில் கரி அடுப்பு, புகையை உறிஞ்ச மேலிருந்து இறங்கும் குழாய்கள். வட்ட ஸ்டூலின் மூடியைத் திறந்து கோட்டை உள்ளே போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார வேண்டும். இல்லாவிட்டால் கறி வாசனை வீடுவரை வரும். தனியாகப் போயிருந்தேன். தனியாள் என்ற ஜந்துவை இந்த மாதிரிக் கடைகள் அதிகம் எதிர்பார்ப்பதில்லை. குறைந்தது 2 பேர் அளவு வாங்கியாக வேண்டும் என்று விரல்களைக் காட்டினாள் பரிமாறுகிறவள். அவளை எல்லோரும் 'இமோ' என்று கூப்பிட்டார்கள். அம்மாவின் சகோதரி என்று அர்த்தம். நமக்குச் சின்னம்மா.

சம்கியொப்சால் என்பது பன்றியின் வயிற்றுக் கறி. மூன்றடுக்குச் சதை என்று பெயரே சொல்கிறது. நீளத் துண்டாக வரும். வெந்துகொண்டிருக்கும்போதே இடுக்கியால் தூக்கிப் பிடித்துக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். தையல்காரன் சாமானை அடுப்பருகே பார்ப்பது உறுத்தியது. நான் வெட்டிய லட்சணத்தைப் பார்த்து இமோ பிடுங்கிக்கொண்டாள். லெட்யூஸ் இலை, அதன்மேல் ஒரு கேன்னிப் (எள்ளிலை என்று பொருள், ஆனால் எள் இல்லை, துளசி வகையறா), கறி, பூண்டு, காரச் சோயா விழுது. மடித்து, என் வாயருகே நீட்டி, "ஆ" என்றாள்.

பின்வாங்கினேன். ஐம்பது வயதுக்காரன்.

வளர்ந்தவன் வாய்க்கு இன்னொருவர் கை போவது நம்மிடம் கல்யாணத்துப் பால்பழத்தோடு முடிந்துவிடுகிறது. பிறகு நோய். பிறகு வாய்க்கரிசி. அப்பாவுக்குக் கடைசிப் பத்து நாளும் கஞ்சி புகட்டியது அம்மாதான். நான் பக்கத்தில் டம்ளரோடு நின்றேன். "நீ கொடேன்" என்று ஒருமுறை சொன்னாள். டம்ளரைக் கழுவப் போனேன். என்ன சங்கோஜம் அது என்று இன்றுவரை விளங்கவில்லை. சுடுகாட்டில் மூன்று பிடி போட்டேன். பாதி உதட்டில் நிற்காமல் சரிந்தது. கொரியாவிலும் பழைய சடங்கில் இறந்தவர் வாயில் வில்லோ மரக் கரண்டியால் மூன்று முறை அரிசி இடுவார்கள். நூறு கலம், ஆயிரம் கலம், பத்தாயிரம் கலம் என்று சொல்லிக்கொண்டே இட வேண்டும். அந்தப் பொய்யாவது எனக்குக் கிடைத்திருக்கலாம்.

இமோவின் கை இன்னும் அங்கேயே இருந்தது. இந்தப் பொதியை ஒரே வாயாக வாங்க வேண்டும், கடித்து மிச்சம் வைப்பது முறையில்லை. வாங்கினேன். வாய் அடைத்துக்கொண்டதால் நன்றி சொல்ல முடியவில்லை. அதற்கு அவள் காத்திருக்கவுமில்லை. பக்கத்து மேஜைக்குக் கரி மாற்றப் போய்விட்டாள். இன்னொரு ஆளின் கறி என் அடுப்பில் கருக ஆரம்பித்திருந்தது.