அப்பாவின் பெயர் மாறவில்லை

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எங்கள் வீட்டிலிருந்து நாலு பேர் போவோம். நன்மை வாங்க மூணு பேர்தான் எழுந்து போவோம். அப்பா பெஞ்சிலேயே கால்களை ஒதுக்கி எங்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்திருப்பார். எனக்குப் புதுநன்மை கொடுத்த அன்று, "நீங்க மட்டும் ஏன் வரல?" என்று எல்லார் முன்னாடியும் கேட்டு அழுதிருக்கிறேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

அம்மா கத்தோலிக்கர், அப்பா இந்து. கல்யாணத்துக்காக அப்பா மதம் மாறவில்லை. மாற வேண்டிய அவசியமும் இல்லை. ஆயரிடம் அனுமதி பெற்று அப்படித் திருமணம் செய்ய சபைச் சட்டத்தில் வழி இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. கோவிலில் கல்யாணம் என்றால் ஞானஸ்நானம் எடுத்தே ஆகணும் என்றுதான் நினைக்கிறார்கள்.

அப்படி இருபது வருஷத்துக்கு மேல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் ஒருநாள் சாப்பிடும்போது, "சாமியாரைப் போய்ப் பார்த்தேன். ஞானஸ்நானம் எடுக்கலாம்னு இருக்கேன்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த ஞாயிறே தலையில் தண்ணீர் ஊற்றி முடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். குழந்தைகளுக்கு அப்படித்தானே நடக்கிறது?

பெரியவர்களுக்கு அப்படி இல்லையாம். பங்குத்தந்தை முதலில் கேட்டதே, "வீட்டுல யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்றுதான். அப்பா இதைச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அந்தப் புதுநன்மை அழுகை ஞாபகம் வந்துவிட்டது.

அதன்பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆதித் திருச்சபையில் ஒருவரைச் சேர்ப்பதற்கு முன் நீண்ட காலம் பயிற்சி கொடுத்தார்கள். புனித அகுஸ்தீன் அப்படிப் படிப்படியாக வந்து, 387ல் மிலான் நகரில் பாஸ்கா இரவில் ஆயர் அம்புரோஸிடம் ஞானஸ்நானம் பெற்றவர். பிற்காலத்தில் இந்த வழக்கம் மங்கிவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ல் இதை மீட்கச் சொன்னது. 1972ல் அதற்கான சடங்குமுறை வெளியானது. இப்போது உலகம் முழுக்க இதுதான் வழி.

முதலில் கேள்வி கேட்கும் காலம். பிடித்தால் தொடரலாம், இல்லையென்றால் நின்றுவிடலாம். தொடர்கிறவருக்கு ஏற்புச் சடங்கு நடக்கும். நெற்றி, காது, கண், உதடு, நெஞ்சு, தோள் என்று ஒவ்வொரு இடத்திலும் சிலுவை அடையாளம் இடுவார்கள். பிறகு மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் மறைக்கல்வி. தவக்காலத்தின் முதல் ஞாயிறையொட்டி ஆயர் முன்னிலையில் பெயர்ப் பதிவு, அதன் பின் மூன்று ஞாயிறுகளில் சிறப்புச் செபம். கடைசியில் பாஸ்கா இரவு. ஏற்கனவே வேறு சபையில் முறையாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத் திரும்ப ஊற்ற மாட்டார்கள். விசுவாச அறிக்கை சொல்லி உறுதிபூசுதல் பெற்றால் போதும்.

வேலை முடிந்து வந்து அப்பா சிஸ்டரிடம் பாடம் படித்தார். நான் வீட்டில் காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க, அவர் எதிரே உட்கார்ந்து யோபு ஆகமம் படிப்பார் :) நல்லவனுக்கு ஏன் இத்தனை கஷ்டம் என்பதுதான் அவருடைய கேள்வி. திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்டனுக்கும் இதே கேள்விதான். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய்தான் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர். நீலகண்டன் 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752ல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். பிறந்ததிலிருந்தே கத்தோலிக்கப் பெண்ணான நான் யோபு ஆகமத்தை முழுசாகப் படித்ததே இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பிரச்சினை ஆச்சி வழியாக வந்தது. அப்பா ஒரே பையன். "நான் செத்தா எனக்கு யாருல கொள்ளி வைப்பா?" என்று ஆச்சி கேட்ட கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. அப்பா பங்குத்தந்தையிடம் போய்ச் சொன்னார். அவர், "அவசரம் ஒண்ணும் இல்ல. அம்மாகிட்ட பேசுங்க. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றாராம். எனக்குக் கோபம் வந்தது. ஆள் சேர்க்கத்தான் சபை அலைகிறது என்று ஊரெல்லாம் பேசும்போது, வந்தவரையே காத்திருக்கச் சொல்கிறார்களே என்று நினைத்தேன். அந்த ஒரு வருஷமும் அப்பா வாரா வாரம் ஆச்சி வீட்டுக்குப் போனார். மதம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மருந்து வாங்கிக் கொடுத்தார், கூட உட்கார்ந்து டிவி பார்த்தார். "உனக்கு நான்தாம்மா மகன், உன் கடைசிக் காரியத்துல நான்தான் நிப்பேன்" என்று மட்டும் ஒருநாள் சொன்னாராம்.

அடுத்த பாஸ்கா இரவு. கோவிலில் எல்லா விளக்கும் அணைந்திருந்தது. வெளியே மூட்டிய நெருப்பிலிருந்து பெரிய திரியை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். புனிதர் மன்றாட்டு முடிந்ததும் அப்பா தலைகுனிந்து நின்றார். மூன்று முறை தண்ணீர் ஊற்றினார்கள். அவருடைய பாவம் எல்லாம் அதோடு போய்விட்டது, பாவசங்கீர்த்தனம்கூடத் தேவையில்லை. (கொடுத்துவைத்தவர்!) வெள்ளைத் துணி, எரியும் மெழுகுதிரி, அங்கேயே உறுதிபூசுதல். பிறகு நன்மை. முதல் தடவையாக நாங்கள் நாலு பேரும் எழுந்து போனோம். எங்கள் பெஞ்சு காலியாக இருந்தது.

ஆச்சி வரவில்லை. மறுநாள் காலையில் நாங்கள் அவள் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். "இனிமே உன்ன என்ன பேரு சொல்லிக் கூப்பிடணும்?" என்று அப்பாவைப் பார்க்காமலேயே கேட்டாள். புதுப்பெயர் வைத்தே ஆகணும் என்று சட்டம் இல்லை, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இல்லாமல் இருந்தால் போதும். அப்பா மாற்றிக்கொள்ளவில்லை.

"நீ வச்ச பேருதாம்மா" என்றார்.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "உள்ள வா, இட்லி ஆறுது" என்றாள்.

அவளுக்கு வருத்தம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வருஷக் காத்திருப்பு எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.