தணிகை மலையடியில் ஒரு வீணை

திருத்தணிக்குப் போகிறவர்கள் சாதாரணமாக என்ன செய்கிறார்கள்? ரயிலை விட்டு இறங்கியதும் மலையை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கொள்கிறார்கள். முழங்கால் இடம் கொடுத்தால் 365 படிகளையும் ஏறுகிறார்கள். இல்லாவிட்டால் வண்டியிலேயே மலைமேல் போய் இறங்குகிறார்கள். தரிசனம், பிரசாதம், பிறகு அடுத்த ரயிலைப் பிடிக்க ஒரே ஓட்டம்!

நேயர்களே, அடுத்த தடவை அப்படி ஓடி வந்துவிடாதீர்கள். இந்த ஊரில் கண்ணுக்கு எவ்வளவு விருந்து உண்டோ, அவ்வளவு காதுக்கும் உண்டு.

சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாகப் போனால் ஏறக்குறைய 85 கிலோமீட்டர்தான். ஆனால் ஊரை நெருங்கும்போதே பேச்சில் ஒரு புது மணம் வீசத் தொடங்கிவிடும். பாதி வாக்கியம் தமிழில் புறப்படும். மீதி தெலுங்கில் போய்ச் சேரும். 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. எல்லைக் கோடு இப்படி நகர்ந்ததே தவிர, வீடுகளில் பேச்சு நகரவில்லை. பாட்டியை "அவ்வா" என்று கூப்பிட்டுவிட்டு, அடுத்த மூச்சில் "காபி சாப்பிடறீங்களா?" என்று விருந்தாளியைக் கேட்கிற ஊர் இது.

பாஷைக்கே எல்லை இல்லாத இடத்தில் சங்கீதத்துக்கு எல்லை ஏது? சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதர் திருவாரூரில் பிறந்தவர். காசியில் சில வருஷம் குருவோடு வாழ்ந்து திரும்பியவர். அவர் தணிகை மலையில் தியானத்தில் அமர்ந்திருந்தபோது, ஒரு முதியவர் வந்து "வாயைத் திற" என்று சொல்லிக் கற்கண்டை வாயில் இட்டு மறைந்தாராம். அந்தத் தித்திப்போடு பிறந்ததுதான் மாயாமாளவகௌள ராகத்தில் அமைந்த "ஸ்ரீநாதாதி குருகுஹோ" என்னும் கிருதி. அதுவே அவருடைய முதல் கிருதி என்பார்கள். அன்று தொடங்கி "குருகுஹ" என்ற பெயரே அவருடைய முத்திரையாகிவிட்டது.

தீட்சிதர் வீணையிலும் வல்லவர். காசியில் கங்கைக்குள்ளிருந்து அவருக்கு ஒரு வீணை கிடைத்தது என்பது பரம்பரையாக வரும் கதை. வழக்கமாக வீணையின் யாளி முகம் கீழே வளைந்து பார்க்கும்; அவருடைய வீணையில் அது மேல்நோக்கி இருந்ததாம். தீட்சிதர் படத்தை இனிப் பார்க்கும்போது யாளியின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கவனியுங்கள்.

வீணை என்றதும் இந்த மலையடியில் நான் பார்த்த இன்னொரு வீணையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அது கங்கையிலிருந்து வரவில்லை, பரணிலிருந்து இறங்கியது!

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் எனக்குத் தெரிந்த அம்மாள் ஒருவர் இருக்கிறார். தரிசனம் முடித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனபோது, கூடத்தில் ஒரு பெரிய விவாதம் நடந்து கொண்டிருந்தது. நடுவில் பழம்புடவையில் சுற்றிய வீணை ஒன்று கிடந்தது. "எங்க அவ்வாவோட வீணைங்க. முப்பது வருஷமா மேலேதான் கிடந்தது. ஒருத்தர் வந்து விலை கேட்டுட்டுப் போயிருக்கார். ஓட்டல் முன்கூடத்திலே வைக்கப் போறாங்களாம்" என்றார் அந்த அம்மாள்.

விலை கேட்டவருக்கு வீணை வாசிக்கத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தந்திகளை எடுத்துவிட்டு, உடம்பு முழுவதும் பளபளவென்று வார்னிஷ் பூசி, பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அவருக்குப் போதும். வீட்டு ஐயாவுக்கோ, "தூசி அடையறதுக்கு விலையாவது வரட்டுமே" என்ற எண்ணம். அதுவும் நியாயம்தானே?

இந்தச் சமயத்தில் ஓர் எதிர்பாராத இடத்திலிருந்து ஆட்சேபம் கிளம்பியது. சென்னையில் காலேஜில் படிக்கும் பெண், விடுமுறைக்கு வந்திருந்தாள். தோளில் எலெக்ட்ரிக் கித்தார்! "அம்மா, விற்கவும் வேண்டாம், பாலிஷும் போட வேண்டாம்" என்றாள் கண்டிப்பாக.

கித்தார் வாசிக்கும் பெண்ணுக்கு வீணையில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். அவள் சொன்ன காரணம் சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் லியோ பெண்டர் என்ற ரேடியோ ரிப்பேர்க்காரர் 1954-இல் "ஸ்ட்ராட்டோகாஸ்டர்" என்ற எலெக்ட்ரிக் கித்தாரைக் கொண்டுவந்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்னதாகவே, 1952-இல், கிப்ஸன் கம்பெனி "லெஸ் பால்" கித்தாரை வெளியிட்டிருந்தது. அந்தக் காலத்துக் கித்தார்களுக்கு இன்று யானை விலை, குதிரை விலை! புதிது போலப் பளபளப்பதற்காகவா அந்த விலை? இல்லை. பூச்சு உரிந்து, விரல் பட்டுத் தேய்ந்து, வியர்வையில் நிறம் மங்கியிருந்தாலும் முதலில் பூசின பூச்சே இருக்க வேண்டும். யாராவது ஆசையாகப் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டால் விலை பாதியாக விழுந்துவிடும் என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். அதே சமயம், தேய்ந்த மெட்டை மாற்றாமல், துருப்பிடித்த தந்தியோடு வைத்திருந்தால் அது வாத்தியம் அல்ல, வெறும் மரக்கட்டை. எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்துகொள்வதிலேதான் பழைய வாத்தியத்தைப் பழுது பார்க்கும் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஓட்டல் விவகாரம் ஒத்தி வைக்கப்பட்டது. ஒரு குளிர்ந்த காலை வேளையில் வீணை காரில் ஏறிச் சென்னைக்குப் பிரயாணமாயிற்று. ஏன் குளிர்ந்த காலை? வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பவை. வெயிலில் காருக்குள் வைத்தால் மெழுகு இளகி, மெட்டுகள் ஊர்வலம் புறப்பட்டுவிடும்!

மேளம் கட்டுகிறவர் தஞ்சாவூரில் தொழில் பழகியவர். வீணையில் மெட்டுகளை ஸ்வரத்துக்குச் சரியாகப் பதிப்பதற்குத்தான் "மேளம் கட்டுவது" என்று பெயர். அவர் முதலில் வாத்தியத்தை மடியில் போட்டு, விரல் முட்டியால் குடத்தைத் தட்டிப் பார்த்தார். டாக்டர் முதுகைத் தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரிதான். "நல்ல பலா. ஒட்டு வீணைதான். குடமும் தண்டியும் சேர்கிற இடத்திலே கொஞ்சம் வாய் திறந்திருக்கு. பயமில்லே" என்றார்.

ஒரே மரத்தைக் குடைந்து குடம், தண்டி, யாளி எல்லாம் செய்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. இரண்டுக்கும் பலா மரம்தான். தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலாவுக்குப் பேர் உண்டு. பழத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைக் குழம்பில் போடும் நாம், அந்த மரத்தில் இத்தனை நாதம் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறோமா?

பிறகு வேலை ஆரம்பித்தது. ஏழு தந்திகளையும் கழற்றினார். வாசிக்கும் தந்தி நான்கு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். தாளத்துக்குப் பக்கத்தில் மூன்று. அடுத்து 24 மெட்டுகளும் வெளியே வந்தன. காய்ந்து வெடித்திருந்த பழைய மெழுகைச் சுரண்டி எடுத்தார். தேன்மெழுகை உருக்கிக் கரித்தூளும் குங்கிலியமும் கலந்து, தண்டியின் இரு ஓரத்திலும் கரை கட்டினார். கரியும் குங்கிலியமும் எதற்கு என்றால், வெறும் தேன்மெழுகு ரொம்ப மிருது. மெட்டைப் பிடித்து நிறுத்தாது.

24 என்ற கணக்கு எப்படி வந்தது? ஒரு ஸ்தாயிக்கு 12 ஸ்வர ஸ்தானம். இரண்டு ஸ்தாயிக்கு 24. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் இந்த ஏற்பாடு நிலைத்தது என்று சொல்வார்கள். கித்தாரில் மெட்டுகளின் இடத்தைக் கணக்குப் போட்டு அறுத்து அடித்துவிடுகிறார்கள், அப்புறம் நகராது. வீணையிலோ ஒவ்வொரு மெட்டையும் இளகின மெழுகில் வைத்து, தந்தியை மீட்டி, மயிரிழை இப்படி, மயிரிழை அப்படி என்று நகர்த்திக் காதால்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் இரண்டுக்கும் ஒரு பொது ரகசியம் உண்டு. பன்னிரண்டாவது மெட்டில் தந்தி சரிபாதியாகிறது. அங்கே மேல் ஷட்ஜம் பேசும். "என் கித்தாரிலும் அதே பன்னிரண்டுதான்!" என்று குதித்தாள் பெண்.

வேலைக்கு நடுவில் மேளம் கட்டுகிறவர் சில மெட்டுகளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். தந்தி உரசி உரசி உண்டான பள்ளங்கள் தெரிந்தன. "பாட்டி இந்த இடத்திலே நிறைய நின்னிருக்காங்க. பஞ்சமத்து மெட்டைப் பாருங்க, எவ்வளவு ஆழம்!" என்றார்.

அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது. சின்ன வயசில் விடியற்காலையில் கேட்ட வாசிப்பெல்லாம் அந்தப் பள்ளத்தில்தானே இருக்கிறது? 1964-இல் "கலைக்கோவில்" படம் வந்தபோது, அதில் சிட்டிபாபு வாசித்த வீணையைக் கேட்பதற்காகவே அவ்வா வண்டி கட்டிக்கொண்டு போனது வீட்டில் பிரசித்தமான கதை. "அதை அப்படியே விட்டுடுங்களேன்" என்றார்.

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "விட்டா தந்தி இரையும்மா. ஸ்வரம் சுத்தமாப் பேசாது. வாசிக்கணுமா, பார்க்கணுமா? நீங்கதான் சொல்லணும்."

எத்தனை பெரிய கேள்வி! அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வாசிக்கத்தான்" என்றார். அரம் மெட்டின் மேல் ஓடியது. பள்ளங்கள் மறைந்தன. குதிரையின் மேல் இருக்கும் உலோகத் தகட்டையும் சன்னமாக இழைத்தார். அதன் வளைவில்தான் நாதத்தின் நீளம் இருக்கிறதாம். வழுக்கின பிரடைகளுக்குச் சுண்ணக்கட்டித் தூள் தடவினார். ஒரு பிரடையை மட்டும் புதிதாகக் கடைந்து போட்டார்.

ஆனால் தண்டியில் ஓரிடத்தை அவர் தொடவேயில்லை. இடது கைக் கட்டைவிரல் ஓடி ஓடிப் பூச்சு கரைந்து, மரம் கண்ணாடி போல் வழவழத்துப் போயிருந்த இடம் அது. "இதனாலே ஸ்வரத்துக்கு ஒரு குறைவும் இல்லே. இதுக்கு மேலே வார்னிஷ் போடறது பாவம்" என்றார். மூலையில் இருந்த தந்த வேலைப்பாட்டில் ஒரு துண்டு உடைந்திருந்தது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பிற்பாடு அதற்கு வந்த திருத்தங்களும் தந்த வியாபாரத்தையே நிறுத்திவிட்டன. ஆகவே அங்கே வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அளவாக வெட்டிப் பதித்தார். உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தெரியட்டுமே, பொய் சொல்லாத ஒட்டு!

கடைசியில் பெண் ஒரு யோசனை சொன்னாள். அவளுடைய கித்தாரில் தந்திக்கு அடியில் காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கின்றன. தந்தியின் அதிர்வை அவை மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றன. கித்தாரின் உடம்பு கெட்டி மரம். தானாகப் பெரிதாகப் பேசாது. "வீணைக்கும் அப்படி ஒன்று வைத்தால் என்ன?" என்றாள். வைக்கலாம், பெரிய வித்வான்களே கச்சேரியில் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதற்காகப் பழைய குடத்தில் துளை போடக் கூடாது என்றார் மேளம் கட்டுகிறவர். வேண்டும்போது ஒட்டி, வேண்டாதபோது எடுக்கிற மாதிரி வந்திருக்கிறது. வீட்டில் வாசிக்க அதுவும் எதற்கு? குடமே போதும்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் பரண்மேல் ஒரு வீணை இருக்கலாம். பார்ப்பதற்கு முன் சில விஷயங்கள். தரையிலே சாய்த்து நிறுத்தாதீர்கள், படுக்க வையுங்கள். உப்புக் காகிதத்தால் தேய்க்காதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். உலர்ந்த மெல்லிய துணி போதும். நெடுநாள் வாசிக்கப் போவதில்லை என்றால் தந்தியைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள். ஜன்னல் வெயில் படாத இடம் வேண்டும். பொடிப்பொடியாக மரத்தூள் உதிர்ந்தால் பூச்சி அரிக்கிறது. உடனே கவனிக்க வேண்டும். மெட்டு ஆடினாலும், மெழுகு வெடித்தாலும் கலங்க வேண்டாம். அவை மாற்றுவதற்கென்றே ஏற்பட்டவை.

சரஸ்வதி பூஜையன்று அந்த வீணையை இறக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, மறுநாள் பழையபடி மேலே ஏற்றிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். இந்த வருஷம் விஜயதசமியன்று ஏற்றுவதற்கு முன் சாரணித் தந்தியை ஒரு தடவை மீட்டிப் பாருங்கள். இரைகிறதா? அப்படியானால் அது இருக்க வேண்டிய இடம் பரண் அல்ல, மேளம் கட்டுகிறவருடைய மடி. நல்ல குளிர்ந்த காலை வேளையாகப் பார்த்துப் புறப்படுங்கள்.