ஹவானாவில் நரைத்த தலைகள்

நானா தந்த 'ஹவானா மூன்' ஒளிப்பதிவைப் போட்டதும் வாப்பா பத்திரிகையை விரித்துக்கொண்டார். 2016 மார்ச் 25இல் கியூபாவின் தலைநகரில், திறந்த மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு இலவசமாக நடத்திய ரொக் இசை நிகழ்ச்சி அது. 1962இல் தொடங்கிய குழு. பாடகர் மிக் ஜாகருக்கு அன்று 72 வயது. டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸுக்கு 74. அந்த வயதில் எங்கள் மூத்தவாப்பா படியேறவே யோசிப்பார்!

பாட்டு எனக்குப் பாதி இரைச்சல்தான். கூட்டத்தைக் காட்டும்போதுதான் கண்ணெடுக்க முடியவில்லை. ஒரு காலத்தில் இவ்விசையை அங்கு பலர் ஒளித்துத்தான் கேட்டார்களாம். ஜாகரும் ஸ்பானிய மொழியில் அதைச் சொன்னார். நரைத்த தலைகள் இளையவர்களோடு சேர்ந்து ஆடின.

வாப்பா பத்திரிகையை மடித்தார்.

"எத்தனை வருஷம் காத்திருந்திருப்பாங்க, மகள்!"

நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.