ஒழுகினசேரியில் இறங்கினேன்

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் காற்றின் வாசனையே மாறிவிடுகிறது. முப்பந்தல் காற்றாலைகள் பின்னால் ஓட, வயலும் குளமும் தென்னையுமாக நாஞ்சில் நாடு கண்முன் விரிகிறது. ரயிலில் இருந்த பலரும் கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள். நான் நாகர்கோவிலிலேயே இறங்கி, ஆட்டோக்காரரிடம் ஒழுகினசேரி என்றேன்.

"என்னெஸ்கே வீடு பாக்கவா? சொல்லியிருந்தா நேரா அங்கயே விட்டுருப்பேன்லா அண்ணாச்சி" என்றார் பாதி வழியில். முப்பது வயதுகூட இருக்காது அவருக்கு. அவருடைய அப்பாவே கலைவாணரை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. "எங்க தாத்தா சொல்லிச் சிரிப்பாவ" என்றார்.

கலைவாணர் என்று ஊர் கொண்டாடும் நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணன் இங்கே 1908 நவம்பர் 29 அன்று பிறந்தார். ஏழைக் குடும்பம். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன், திரைக்குப் பின்னால் நடப்பதை வேடிக்கை பார்த்துப் பார்த்தே நடிகனானான். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு அவரை வளர்த்தது. 1936இல் வந்த 'சதி லீலாவதி' அவருடைய தொடக்ககாலப் படங்களில் ஒன்று, எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம்.

பழையாற்றுப் பாலத்தை ஒட்டிய ஊர். இந்த மண்ணில் வில்லுப்பாட்டு கேட்காமல் வளர முடியாது. சுடலைமாடன் கொடையிலும் முத்தாரம்மன் கொடையிலும் விடிய விடிய வில் ஒலிக்கும். கோயில் முற்றத்தில் இருந்த அந்த வில்லைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டணத்து மேடையில் வைத்தவர் கிருஷ்ணன். சாமி கதை சொன்ன வில்லில் காந்தியின் கதையைச் சொன்னார். அதை எழுதிக்கொடுத்த நெல்லைச் சீமை இளைஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்குக் கூட்டி வந்தவரும் அவரே. 2022இல் மறையும்வரை சுப்பு ஆறுமுகம் அந்த வில்லைக் கீழே வைக்கவில்லை.

மதுர பவனத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். மனைவியின் பெயரில் வீடு. 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனே போன ரயிலில்தான் நடிகை டி.ஏ.மதுரத்தோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது என்பார்கள். வழிச்சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் தாராளமாகச் செலவு செய்தாராம். கடைசியில் பார்த்தால் அத்தனையும் மதுரம் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த பணம்! அந்தக் கோபம்தான் கல்யாணத்தில் முடிந்ததாம். அவருக்கு ஊரில் ஏற்கெனவே மனைவி இருந்தது மதுரத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. அந்த வலியை நான் மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. பெற்ற ஒரே பெண் குழந்தையைச் சில மாதங்களிலேயே பறிகொடுத்த மதுரம், தன் தங்கையையே அவருக்குக் கட்டிவைத்தார். இன்றைய கண்ணுக்கு நெருடும் குடும்பம்தான். ஆனால் அந்த வீட்டில் பிள்ளைகளும் உறவும் கேட்டு வந்தவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

எனக்கு அவர்மேல் பிரியம் வந்ததே இந்த வீட்டுத்தனத்தால்தான். அவர் படங்களில் நகைச்சுவை பெரும்பாலும் புருஷன் பெண்சாதி பேச்சு. இவர் அளப்பார், மதுரம் மடக்குவார். விஞ்ஞானத்தை வளர்க்கப் போவதாகக் கணவன் பெருமையடிக்க, மனைவி வீட்டு வேலைக்கு ஒவ்வொரு இயந்திரமாகக் கேட்டு நிற்பார். அடி வாங்குவது எப்போதும் கணவனின் வீம்புதான். ஊனத்தையும் நிறத்தையும் காட்டிச் சிரிப்பு மூட்ட வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை. தமிழ்த் திரையில் அவருக்குப் பிறகு வந்த எத்தனையோ பேரை ரசித்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு இணையாக ஒருவரையும் என்னால் சொல்ல முடியவில்லை.

அண்ணா எழுதிய 'நல்லதம்பி' 1949இல் வந்தது. அதில் உடுமலை நாராயணகவி எழுதிய கிந்தனார் கதையைக் காலட்சேபமாகச் செய்வார் கிருஷ்ணன். பழைய நந்தனார் கதையில் நந்தன் சிதம்பரம் போனான். இதில் சேரிப் பையன் கிந்தன் படிக்கப் பட்டணம் போகிறான், ரயிலேறி. எல்லாச் சாதியும் தோளோடு தோள் இடித்து உட்காரும் வண்டி அது. அப்பாவோடு தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது சிரித்துக்கொண்டே இருந்த அப்பா திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரணம் கேட்கும் வயது எனக்கு அப்போது இல்லை.

இத்தனைக்கும் 'நல்லதம்பி'க்குச் சற்று முன்புதான் கிருஷ்ணன் சிறையிலிருந்து வந்திருந்தார். 1944இல் நடந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவருக்கும் நடிகர் தியாகராஜ பாகவதருக்கும் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் திரும்பியது. 1947 ஏப்ரலில் விடுதலை. இடையில் நாடகக் குழுவைக் கலையவிடாமல் நடத்தி, கணவருக்காக அலைந்தவர் மதுரம். அந்த விடுதலைக்குப் பிறகு பாகவதர் பழைய உயரத்துக்குத் திரும்பவே இல்லை. கிருஷ்ணனோ அந்த ஆண்டே 'பைத்தியக்கார'னில் தோன்றி, ஜெயில் அனுபவத்தையே பாட்டாக்கிச் சிரிக்கவைத்தார். எவ்வளவு பெரிய மனம்!

கொடுக்கும் கையும் ஓயவில்லை. காந்தி மறைந்தபோது நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் தன் சொந்தச் செலவில் நினைவுத்தூண் எழுப்பினார். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். மிச்சம் வைக்கத் தெரியவில்லை. பிற்பாடு கடனில் ஏலத்துக்கு வந்த இந்த வீட்டை எம்.ஜி.ஆர். மீட்டுக் கொடுத்தது ஊரறிந்த செய்தி.

வீட்டின் எதிர்ப்பக்கம் டீக்கடையில் ரசவடை தின்றபடி கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். "அவிய இன்னும் பத்து வருசம் இருந்திருக்கணும் சார்" என்றார். 1956 நவம்பர் 1 அன்று, பிறந்த மண் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததைப் பார்த்துவிட்டார். பத்து மாதத்தில், 1957 ஆகஸ்ட் 30 அன்று சென்னையில் இறந்தார். வயது 48. 'அம்பிகாபதி' அவர் போன பிறகுதான் திரைக்கு வந்தது.

மணிமேடைச் சந்திப்பில் அவருக்குச் சிலை இருக்கிறது. பிறந்தநாளுக்கு மாலை விழுகிறது. அது போதாது. கன்னியாகுமரிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் அரைமணி நேரம் ஒழுகினசேரியில் இறங்குங்கள். வீட்டை வெளியிலிருந்து பார்த்தாலும் போதும். முந்தின இரவே பிள்ளைகளுக்கு 'நல்லதம்பி'யைப் போட்டுக் காட்டிவிடுங்கள்.