வானும் வழியும்

போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின் ஏ-9 வீதி திறந்ததிலிருந்து, நல்லூர்த் திருவிழாவுக்கு வான் பேசிச் செல்வது வெள்ளவத்தைக் குடும்பங்களுக்கு வழக்கமாயிற்று. வான் பேசும்போது, “எத்தனை பேர் இருக்கலாம்?” என்பதே முதற் கேள்வி. சென்ற ஆண்டு நாமும் அவ்வாறே வினவி, பதினான்கு பேருக்கான வானை அமர்த்தினோம்.

கொட்டாஞ்சேனையில் எம் தங்கை குடும்பத்தை ஏற்றியதும் மடக்கு இருக்கைகள் யாவும் விரிந்தன, நடைவழி அடைபட்டது. புத்தளம் தாண்டியதும் கடைசி வரிசையிலிருந்த மருமகளுக்குக் குமட்டல். நால்வர் எழுந்து இருக்கைகளை மடக்கிய பின்னரே சிறுமி கதவை அடைந்தாள்.

“சின்னப்பிள்ளையைக் கடைசி வாங்கிலை இருத்தலாமே, தம்பி?” என்று அம்மா கடிந்தார். குமட்டலுக்கே இறங்க வழியில்லையெனில், விபத்து நேர்ந்தால் என்னாவது? அவ்வெண்ணம் யாழ்ப்பாணம் வரை எம்மை விடவில்லை.

இவ்வாண்டு பத்துப் பேரே வானில் ஏறினோம். இளைஞர் நால்வர் வெள்ளவத்தையிலிருந்து இரவுப் பேருந்தில் வந்தனர். மடக்கு இருக்கைகளை விரிக்கவில்லை. பின்சக்கரங்களின்மேல் குலுக்கம் மிகுதியாதலால் பிள்ளைகளுக்கு நடுவரிசையை ஒதுக்கினோம், அம்மாவுக்குக் கதவோரம். பொதிகள் பின்னே, தண்ணீரும் மாற்றுடையும் கைக்கெட்டும் தூரத்தில். ஆளுக்குரிய செலவு சற்றுக் கூடியது உண்மையே.

முறிகண்டியில் தேங்காய் உடைக்க வான் நின்றதும், முதலில் குதித்திறங்கிக் கச்சான் கேட்டவள் அதே சிறுமிதான். வாசகர்களே, வான் பேசுமுன் இருக்கைகளை எண்ணுங்கள். அதற்குமுன் நடைவழியைப் பாருங்கள்.