கொம்பொடிஞ்ஞால் தந்த ஓட்டக்காரர்

கே. எம். பீனாமோள் 1975 ஆகஸ்ட் 15 அன்று இடுக்கி மாவட்டத்தின் மலைக்கிராமமான கொம்பொடிஞ்ஞாலில் பிறந்தார். அவருடைய முதன்மைப் பந்தயம் 400 மீட்டர். மைதானத்தை ஒரு முழுச் சுற்று வரவேண்டிய ஓட்டம் இது. கடைசி 100 மீட்டரில் தொடைகள் இறுகிக் கனக்கும், வேகம் குறையாமல் பார்த்துக்கொள்பவரே முந்துவார்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயத்தில் அரையிறுதி வரை சென்றார். 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரிலும் 4x400 மீட்டர் தொடரோட்டத்திலும் தங்கம், 400 மீட்டரில் வெள்ளி. அதே போட்டியில் தம்பி கே. எம். பினு ஆண்கள் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியத் தொடரோட்ட அணி இறுதிச்சுற்றில் 7ஆம் இடம் பிடித்தது. அந்த அணியிலும் பீனாமோள் இருந்தார்.

அர்ஜுனா, ராஜீவ் காந்தி கேல் ரத்னா, 2004இல் பத்மஸ்ரீ ஆகிய விருதுகள் அவருக்குக் கிடைத்தன.